இடது பக்க சீட்டில் உட்கார்ந்தவர்

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நான் முதலில் செய்வது பாட்டின் ஒலியைக் கூட்டுவது. அடுத்தது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவது. இரண்டுக்கும் அடங்காத சத்தமாக இருந்தால் மட்டுமே, நாமே கழற்றிப் பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா என்கிற விசாரம் தொடங்கும். போன வாரம் பின்சக்கரத்துப் பக்கமிருந்து ஒரு முனகல் கிளம்பியிருக்கிறது. என் வலது முழங்காலும் ஏறக்குறைய அதே சுருதியில் முனகுவதால், எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்கவே நான்கு நாள் பிடித்தது. நாமே பார்க்கலாம் என்றால், தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். மெக்கானிக்கிடம் போகலாம் என்றால், அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்ட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், நாலு பேர் நிற்கிற இடத்தில், 'ங்ஙொய்ய்' என்று நீட்டி முழக்கிக் காட்டுவதற்குத் தனியாக ஒரு மனத்திடம் வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்து ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் இங்கே இருந்தவரை எனக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் சத்தத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "யாரு ஓட்டுறது?" என்றுதான் கேட்பார்.

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும்போது கூடலூருக்குச் சற்று முன்னால், ஒரு தென்னந்தோப்பை ஒட்டி அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர் கேன் விற்கிறார்கள். அவர் மயிலாடும்பாறைக்கு அந்தப் பக்கம் எங்கோ, மனைவியின் ஊரோடு போய்விட்டதாகக் கேள்வி. பெயரைச் சொன்னால் யாராவது தேடிப் போய் நின்றாலும் நிற்பார்கள். அவர் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சை நன்றாக அறிந்தவன் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனால் முகம் மட்டும் எப்போதும் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த முகம். பேச்சு மெதுவாக வரும். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, இதை முடிக்கத்தான் வேண்டுமா என்று யோசிப்பதுபோல நடுவில் நிற்பார். கைகள் சுத்தமாக இருக்கும். கிரீஸ் படியாத மெக்கானிக்கைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைப்பவன். அங்கே காதில் பேனா செருகாத பத்திர எழுத்தரைத் தாண்டி, செருகியவரிடம் போகிற கூட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவருடைய வழக்கம் இதுதான். நீங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு நிமிர்வீர்கள். அவர் வந்து கம்பியை எடுத்துவிட்டு பானெட்டைச் சாத்துவார். பிறகு உங்கள் வலது கால் செருப்பைக் கழற்றச் சொல்லி, திருப்பி, அடிப்பாகத்தைப் பார்ப்பார். கோவிலுக்கும் மசூதிக்கும் தவிர வேறெங்கும் செருப்பைக் கழற்றாத பெரிய மனிதர்கள் முதலில் திகைத்துத்தான் போவார்கள். குதிகால் எங்கே தேய்ந்திருக்கிறது, முன்பாகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, செருப்பைக் கீழே வைத்து, இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"எடுங்க. போவம்."

"எங்க தம்பி?"

"நீங்க எப்பயும் போற எடத்துக்கு."

அவ்வளவுதான். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே வருவார். பேச மாட்டார். போன் வந்தால் எடுக்க மாட்டார். ஒரு பத்து நிமிடத்தில், பெண் பார்க்க வந்த வீட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற உணர்ச்சி உங்களுக்கு வந்துவிடும். திரும்பி வந்த பிறகுதான் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு சொல்வார். பத்துக்கு நாலு வண்டியைத் திறக்காமலேயே அனுப்பிவிடுவார். அதற்கு ஒரு பைசா வாங்க மாட்டார் என்பது ஜனங்களின் கோபத்தை இன்னும் கிளறியது. வாங்கியிருந்தால், ஏதோ செய்திருக்கிறார் என்று சமாதானமாகியிருப்பார்கள்.

போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு கிளட்ச் தேய்ந்துவிடும். எங்கெங்கோ மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இவரிடம் வந்தார். இவர் செருப்பைப் பார்த்தார். உத்தமபாளையம் வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

"அண்ணாச்சி, எடது காலை எங்கன வச்சுக்கிருவீக?"

"அது பாட்டுக்கு அங்கன இருக்கும்."

"அங்கனதேன் இருக்கு. கிளட்ச்சு மேலயே. ரோட்டுல ஆடு மாடு, ஆளு யாரும் இல்லாதப்பயும் அங்கனயே இருக்கு. எடுத்துக் கீழ வைங்க. கிளட்ச்சு மாத்த வேண்டாம்."

"ஏலே, எங்கால நான் எங்க வைக்கணும்ண்டு சொல்றதுக்கா கடை போட்டிருக்க?" என்று வியாபாரி எகிறினார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய வேகத்தில் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று தொங்கிப்போனது. அதற்காக இறங்கி, "இதையாச்சும் மாட்டுவியா?" என்று கேட்டார். இவர் மாட்டிக் கொடுத்தார். அந்த ஒரு வேலையில் மட்டும் இரண்டு பேருக்கும் திருப்தி.

இன்னொருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஹாரன் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று வந்தார். அந்த அம்மாளோடு சின்னமனூர் வரை போய்வந்தவர், இறங்கியதும் காதைக் குடைந்துகொண்டே ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "ஊருக்குள்ள ஒரு வாரம் இப்பிடியே ஓட்டிட்டு வாங்க டீச்சர். மலைக்குப் போறதுண்டா மட்டும் சொல்லுங்க, மாட்டித் தாரேன்." ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் வந்து, முப்பது வருடமாக இருந்த தலைவலி குறைந்திருக்கிறது என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு வெற்றிக்களை இல்லை. "தலைவலிக்கும் இங்கனயே வர ஆரம்பிச்சுருவாகளோண்டு பயமா இருக்கு சார்" என்றார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவர் வண்டி ஓட்ட மாட்டார். பழுது பார்த்து முடித்த வண்டியை ஷெட்டுக்குள்ளிருந்து வெளியே எடுக்கக்கூட, "நீங்களே எடுத்துருங்க" என்பார். வீட்டுக்குச் சைக்கிளில் போவார். பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஒரு நாள் சொன்னார்: "முன்னாடி ஜீப்பு ஓட்டுனாகல்ல. எஸ்டேட்டுக்குக் களையெடுக்குற பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறுவாக. ஒரு நாளு காலையில போயி சாவியை ஓனர் கையில குடுத்துட்டு வந்துட்டாக. என்னா ஏதுண்டு கேட்டதுக்கு வாயத் தொறக்கலை." அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. நான் வாசித்துக் கெட்டவன் என்பதால், ஒரு காரணத்தைக் கற்பனை செய்ய மூன்று முறை முயன்றேன். மூன்றும் ஏற்கெனவே யாரோ எழுதிய கதைகளாகவே வந்து நின்றன. அவரிடமே கேட்கிற தைரியம் வரவில்லை. ஓட்டுகிறவர்களின் கால்களை அவர் பார்த்துக்கொண்டு வருகிறபோது அந்தக் கண்ணில் இருந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் முறை வந்தது.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்னக் கார். பெரும்பாலும் என் மனைவிதான் ஓட்டுவாள். குமுளியில் ஒரு கண்ணாடிக் கடையில் அவள் கண் பரிசோதிப்பவள். வாரத்தில் நாலு நாள் காலையில் மலையேறி, சாயங்காலம் இறங்குவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலை வாங்குகிற சாக்கில், மலைக்காற்று வாங்கப் போவேன். அப்படிப் போய்வருகிறபோதுதான் பிரேக் இறுகுவதைக் கவனித்தேன்.

"பிரேக்கு கட்டையா இருக்கு தம்பி" என்று அவரிடம் போய் நின்றேன். "மிதிச்சா கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு."

"எங்கன?"

"மலை எறங்கையில."

"ஊருக்குள்ள?"

"ஊருக்குள்ள நல்லாத்தான் பிடிக்குது."

"அக்கா ஓட்டுறப்ப?"

"அவ ஒண்ணும் சொல்லல."

அவருடைய பெருமூச்சை அன்றுதான் முதன்முதலாக எனக்கென்று வாங்கினேன். "செருப்பைக் கழட்டுங்க சார்" என்றார்.

குமுளி வரை போனோம். திருப்பினோம். செக்போஸ்ட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும், என் கை வழக்கம்போலச் சாவியை ஒரு கட்டம் பின்னால் திருப்பியது. எஞ்சின் நின்றது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த எங்களில் பலருக்கு மலையிறக்கம் என்பது இயற்கை கொடுக்கிற மானியம். பெட்ரோல் போடாமல் லோயர் கேம்ப் வரை உருண்டு போகலாம் என்றிருக்கும்போது எஞ்சினை ஓடவிடுவது, ஊருக்குப் போகிறவன் வீட்டு விளக்கையெல்லாம் போட்டுவிட்டுப் போவதற்குச் சமம். மூன்றாவது வளைவில் பிரேக் இறுகியது.

"பாத்தீகளா! பாத்தீகளா தம்பி! கட்டையாயிருச்சு!" என்றேன். நோய் டாக்டர் முன்னால் தவறாமல் தலைகாட்டிவிட்ட சந்தோஷம்.

"எஞ்சினைப் போடுங்க."

போட்டேன்.

"இப்ப மிதிங்க."

பிரேக் வெண்ணெயில் கால் வைத்ததுபோல இறங்கியது.

"எஞ்சின் ஓடுனாத்தேன் சார் பிரேக்குக்குப் பலம். அதை அணைச்சுட்டா ஒரு மிதி, ரெண்டு மிதிக்குத் தாங்கும். அதுக்கப்புறம் உங்க கால்பலம் மட்டுந்தேன்."

"அப்ப வண்டில?"

"வண்டில ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

அவர் ஜன்னலுக்கு வெளியே, மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய குழாய்களைப் பார்க்கத் தொடங்கினார். அது மரியாதை என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊரார் சொத்துக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துச் சொல்கிற என்னிடமே வில்லங்கம் இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கிறானே என்றுதான் எரிச்சல் வந்தது. ஓட்டுகிறவனைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வேலை செய்யச் சோம்பேறித்தனம். கழற்றிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? கழற்றினால் தெரிந்துவிடப் போகிறது. நானே கழற்றுகிறேன்.

நடுவயதில் ஒருவன் 'நானே' என்று தொடங்குகிற வாக்கியங்களை யாராவது வாயைப் பொத்தி நிறுத்தினால் நல்லது. யாரும் நிறுத்தவில்லை. யூடியூபில் ஒரு வடநாட்டுப் பையன், முன்சக்கர பிரேக் பேடு மாற்றுவது எப்படி என்று இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அவன் முகத்தில் இருந்த தன்னம்பிக்கை எனக்கு முழுக்கப் புரிந்தது. உதிரிபாகக் கடைக்காரர், "எந்த மெக்கானிக்குக்கு?" என்று கேட்டார். "நாந்தேன்" என்றேன். அவர் பேடுகளைக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே ஒரு உப்புத்தாளையும் மேலே வைத்தார்.

வேலை பெரிதல்ல. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே, பிரேக் பேடுகளைக் கவ்விப் பிடித்திருக்கிற ஓர் இரும்புக் கவ்வி இருக்கிறது, காலிப்பர் என்கிறார்கள். மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். கீழ் போல்ட்டைக் கழற்றினால் பெட்டி மூடியைத் தூக்குவதுபோலக் காலிப்பரைத் தூக்கலாம். பழைய பேடை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மூடியை இறக்கி, போல்ட்டை முடுக்கிவிட வேண்டியதுதான். வலது சக்கரம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இடது சக்கரத்தில் அனுபவசாலி ஆகிவிட்டேன். பேடுகளை வைத்து, மூடியை இறக்கி, கீழ் போல்ட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தபோது போன் வந்தது. ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தில் வடக்கு எல்லையைத் தெற்கு எல்லையாக எழுதிவிட்டேன் என்று ஒருவர் கத்தினார். நான் எழுதவில்லை, அவர்தான் வாசலைத் திருப்பிச் சொன்னார் என்று இருபது நிமிடம் வாதாடி ஜெயித்தேன். ஜெயித்த களிப்போடு வந்து சக்கரத்தை மாட்டினேன். சக்கரத்து நட்டுகளை, அந்த மெக்கானிக்கை மனதில் நினைத்துக்கொண்டு, காலால் மிதித்து முடுக்கினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய பிறகும் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த கரியை நாலு பேர் பார்க்கட்டும் என்று இரண்டு நாள் விட்டுவைத்தேன்.

அடுத்த வாரம் என் மனைவி சொன்னாள், "ஏங்க, முன்னாடி எடது பக்கம் டொக்கு டொக்குன்னு அடிக்குது. பிரேக்கை மிதிக்கிறப்ப."

"புது பேடு. அப்பிடித்தான் இருக்கும்."

"நேத்தைக்கி இன்னுங் கொஞ்சம் கூடியிருக்கு."

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதாவிட்டால் பாக்கி ஒன்றும் விளங்காது. "வண்டில ஒண்ணும் இல்ல. நீ பட்டுனு மிதிக்கிற. கோளாறு ஓட்டுறதுலதான்" என்றேன். அந்த மனிதர் என்னிடம் வாயால் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை, நான் அவளிடம் வாயைத் திறந்து சொன்னேன். அவள் அதே வண்டியில் மேலும் மூன்று நாள் மலையேறி இறங்கினாள். மெதுவாகப் போய், மெதுவாக வந்தாள். மிதிப்பதைப் பதமாக மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலாவது நாள், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன்.

"சார், அக்கா இங்கன இருக்காக. நீங்க பஸ்ல ஏறி வாங்க."

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணும் ஆகல. வாங்க."

'ஒண்ணும் ஆகல' என்பதை அத்தனை களைப்போடு சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, நின்றுகொண்டே போனேன்.

ஒர்க்‌ஷாப்பில் கார் ஜாக்கி மேல் ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. சக்கரம் கழற்றப்படவில்லை. என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, வரத் தாமதமாகும் என்று கடைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என்னிடம், "போற வழியில காட்டிட்டுப் போவம்ண்டு வந்தேன். தம்பி கூட ஏறிச்சு. ரெண்டு பர்லாங்கு போகலை, நிப்பாட்டச் சொல்லிருச்சு. நடக்குற வேகத்துல ஓட்டிட்டுத் திரும்பி வந்தோம்" என்றாள்.

"என்னண்டு சொன்னாரு?"

"'நல்லா ஓட்டுறீகக்கா'ண்டு சொல்லுச்சு. வேற ஒண்ணும் சொல்லலை." அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு மறுபடி போன் வந்து, பேசிக்கொண்டே தோப்புப் பக்கம் நடந்தாள்.

அவர் சக்கர ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "கழட்டுங்க சார்."

"நீங்க...?"

"கழட்டி மாட்டுனது நீங்கதான?"

பேடு மாற்றியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி உருட்டி வைத்தேன்.

"அந்தக் கீழ் போல்ட்டைத் தொடுங்க. ஸ்பேனர் வேணாம். வெரல்ல."

தொட்டேன். திருகினேன். ஒன்றேகால் சுற்றுக்குள் போல்ட் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். என் மனைவி தென்னை மரத்தடியில் நின்று யாரிடமோ, "எழுத்து ரெண்டு ரெண்டா தெரியிதுண்டாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றேன். "இன்னும் எத்தனை நாளு தாங்கியிருக்கும்?"

அவர் யோசித்தார். "நாளுண்டு சொல்ல முடியாது சார். வளைவுண்டு சொல்லலாம்."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் போல்ட்டைப் போட்டு முடுக்கினேன். முதல் முறை மரை ஏறவில்லை. மரை கெட்டுவிடாமல் எடுத்து மறுபடி போடச் சொன்னார். முடித்த பிறகு அவர் ஸ்பேனரை வாங்கி, அதே போல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். மறு சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். அதையும் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நப்பாசை எழுந்ததை மறைக்கப் போவதில்லை.

"அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்றார் மெதுவாக.

"ரொம்ப நன்றி தம்பி."

"நன்றிக்குச் சொல்லலை சார். நீங்க சொல்லணும்ல, அதுக்கு."

வழக்கப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். என் மனைவி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். அவர் இடது பக்கம். லோயர் கேம்ப் வந்தது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவர், "அக்கா, ஓரமா நிப்பாட்டுங்க. எனக்கு இங்கன ஒரு சோலி இருக்கு. எறங்கிக்கிறேன்" என்றார்.

"மேல வரலையா தம்பி? எறங்கையிலதான பாக்கணும்?"

"சார் பாத்துக்கிருவாக. சார், முன்னாடி வந்து உக்காருங்க."

அவருக்கு அங்கே ஒரு சோலியும் கிடையாது. ரோட்டோரம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

அந்த மலைப்பாதையை ஆயிரம் முறை ஏறியிருப்பேன். அன்றுபோல ஒவ்வொரு வளைவையும் பார்த்ததில்லை. முதல் வளைவில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே ஐயப்பன்மார் வேன் ஒன்று வந்தது. இரண்டாவதில் குரங்குகள் குறுக்கே உட்கார்ந்திருந்தன. பாதையோரக் கோவில் வந்தபோது அவள் எப்போதும்போல வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே விபூதி வாங்கி, எனக்கும் பூசிவிட்டாள். நெற்றியில் விபூதியோடு சொல்வது நாடகமாகத் தெரியும் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த வளைவில் தகுந்த வாக்கியத்தைத் தேடினேன். 'கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது' என்று செயப்பாட்டு வினையிலேயே வந்தது. பத்திரத்தில் யார்மேலும் படாமல் எழுதி எழுதிக் கை அப்படிப் பழகிவிட்டது. அவள் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை. சத்தம் இல்லாதபோது சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. செக்போஸ்ட் கண்ணில் பட்டது.

"எடது பக்கத்து போல்ட்டை நான் முடுக்காம விட்டுட்டேன்."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேடு மாத்துனப்பயா?"

"ஆமா."

"அதுலதேன் நான் இத்தனை நாளா ஏறி எறங்குனேனா?"

"ஆமா."

"எனக்கு ஓட்டத் தெரியலைன்னீக."

"ஆமா."

"ஆமாவைத் தவிர வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் பஸ் ஏறி ஊர் திரும்பியிருக்கலாம். இரண்டு பேர் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். போகவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொருவர் தாடையையும் மெஷினில் பொருத்தி, பொறுமையாகக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் பார்த்த பிறகு கடைப்பையன் ஒருவன் வந்து, "அக்கா சாப்பிடச் சொன்னாங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். அவளுடைய டிபன் பாக்ஸில் இருந்த பாதி தயிர்சாதம். மன்னிப்பா, வெறும் சாப்பாடா என்று தெரியாமலேயே சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தாள். கையை நீட்டினேன். சாவியைக் கொடுக்காமல் ஓட்டுநர் பக்கம் ஏறினாள். மலை முழுக்க எஞ்சின் ஓட, இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவிலும் பதமாக மிதித்து இறக்கினாள். எனக்குப் பக்கத்தில் இத்தனை வருடமாக இப்படி ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து வெளியே வந்தவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"சரியாப் போச்சாக்கா?"

"சத்தமே இல்ல தம்பி" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"வண்டி காலையிலயே சரியாப் போச்சு சார்" என்றார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டாக தம்பி" என்றாள் அவள்.

"எத்தனாவது வளைவுல?"

"கடைசி வளைவுல. செக்போஸ்ட்டு தெரியிறப்ப."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சிரிப்பு என்று சொல்வதைவிட, முகத்திலிருந்த களைப்பு ஒரு கணம் இடம் மாறி உட்கார்ந்தது என்று சொல்லலாம்.

"பரவால்லக்கா," என்றார். "ஏறி எறங்கி வீடு போயிச் சேந்தும் சொல்லாதவக இருக்காக."